கியோங்ஜூ டூர்ல 3,20,000 வோன் போச்சு, ஆப்ல வேன் புக் பண்றவங்க படிச்சிட்டு பண்ணுங்க

வயிறு இன்னும் எரியுது, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. நேத்து சனிக்கிழமை அம்மா அப்பாவக் கூட்டிட்டு இங்க தென் கொரியால பூசான்ல இருந்து கியோங்ஜூ போனேன். திருநெல்வேலில இருந்து என்னைப் பாக்க வந்தவங்க, திங்கக்கிழமை ஃப்ளைட். அப்பாவுக்கு ஒரே ஆசை சொக்குராம் பாக்கணும். "மாமல்லபுரத்துல பாறையக் குடைஞ்சாங்க, இவன் கருங்கல்ல அடுக்கியே குகை கட்டி உள்ள புத்தர உக்கார வச்சிருக்கான்டா, எப்படின்னு பாக்கணும்"னு வந்த நாள்ல இருந்து இதே பேச்சு.

பஸ்லயே போயிருக்கலாம். அம்மாவுக்கு முட்டி வலின்னு ஒரு டூர் புக்கிங் ஆப்ல (பேர் போடல, ஏற்கனவே இருக்கிற தலைவலி போதும்) தனி வேன், இங்கிலீஷ் பேசுற கைடு, 9 மணி நேரம், 2,80,000 வோன். புல்குக்சா கோயில், சொக்குராம், பழைய சில்லா ராஜாக்களோட கல்லறை மேடு, சோம்சோங்தேங்கிற பழங்கால வானம் பாக்குற கல் கோபுரம், கடைசில இருட்டினதும் லைட் போட்ட வோல்ஜி குளம்னு லிஸ்ட் போட்டிருந்தான். ஸ்டார் எல்லாம் நல்லா இருந்துச்சு, கட்டிட்டேன்.

கைடு வந்ததும் அம்மாவப் பாத்து "ஒம்மா", அப்பாவப் பாத்து "அப்பா"ன்னான். எங்க பாஷையிலயும் இதேதான்னு சிரிச்சான். அவ்ளோதான், அம்மா ஊர்ல இருந்து கொண்டு வந்த முறுக்கு டப்பாவையே அவன் கைல குடுத்துட்டாங்க. அப்புறம் ஒரு 10 வோன் காயின் எடுத்து இதுல இருக்கிறது புல்குக்சால நிக்கிற தபோத்தாப் கோபுரம்னு காட்டி அதை அப்பாவுக்கே குடுத்துட்டான். அந்த சூட்டோட "டிக்கெட் எல்லாம் நானே எடுத்துடுறேன், கேஷா 40,000"னு கேக்குறான், நானும் யோசிக்காம எடுத்து நீட்டுறேன். புல்குக்சாவுக்கும் சொக்குராமுக்கும் 2023 மே மாசத்துல இருந்தே நுழைவுக் கட்டணம் கிடையாதுன்னு ராத்திரி வீட்டுக்கு வந்துதான் பாத்தேன். மொத்தம் 3,20,000 வோன், நம்ம காசுக்கு கிட்டத்தட்ட இருபதாயிரம்.

புல்குக்சா நாப்பது நிமிஷம். வெளிய வந்தா "மலைல பனிமூட்டம், சொக்குராம் ரோட்ட மூடிட்டாங்க"ன்னான். அப்போ அங்கயே பஸ் ஸ்டாப்ல 12ம் நம்பர் பஸ் நிக்குது, சனம் ஏறுது. அம்மா "ஏல அது மலைக்குத்தானே போவுது"ன்னு கேட்டாங்க. "சும்மா இரும்மா, அவருக்குத் தெரியாதா"ன்னு நான்தான் வாய அடைச்சேன். நான்தான்! அந்த 12ம் நம்பர் புல்குக்சாவுக்கும் சொக்குராமுக்கும் நடுவுல ஓடுற பஸ்ஸேதான்.

அப்புறம் சிவப்பு ஜின்செங் கடைல ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சான். வாங்கலன்னதும் மூஞ்சியே மாறிப் போச்சு. ஒம்மாவும் இல்ல அப்பாவும் இல்ல. கல்லறை மேட்டையும் சோம்சோங்தேவையும் வேன் கண்ணாடி வழியா காட்டிட்டு, நாலரைக்கெல்லாம் டிராஃபிக் ஜாஸ்தின்னு திருப்பிட்டான். வோல்ஜியாவது ஒண்ணாவது.

ஆப்ல சாட் பண்ணா முதல்ல ரோபோ. அப்புறம் ஒரு அம்மா வந்து "கைடுகிட்ட விசாரிச்சோம், நீங்க லேட்டா வந்ததா சொல்றார்". ஃபோட்டோ டைமோட அனுப்பினேன். "24 மணி நேரம் முன்னாடி கேன்சல் பண்ணாதான் ரீஃபண்ட்". டூர் போயிட்டு வந்தவன் எப்படிய்யா முந்தின நாள் கேன்சல் பண்ணுவான்? கேஷ் 40,000 பத்திக் கேட்டா "அது எங்க சிஸ்டத்துல இல்ல". 3,20,000க்கு பதிலா அடுத்த டூருக்கு 10,000 வோன் கூப்பன் அனுப்பியிருக்காங்க.

என்னென்ன செக் பண்ணணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், முடியல. கைல கேஷ் குடுக்காதீங்க. கல்லறை மேட்டுல சோன்மாச்சோங்ங்கிற கல்லறை உள்ள போக, வோல்ஜிக்கு எல்லாம் வாசல்லயே டிக்கெட் எடுக்கலாம், தலைக்கு 3,000 வோன்தான். ரோடு மூடியிருக்குன்னா உடனே 1330க்கு அடிங்க, டூரிஸ்ட் ஹெல்ப்லைன், இங்கிலீஷ்ல பேசுவாங்க. கூட வந்தவங்க ஏதாச்சும் கேட்டா காது குடுத்துக் கேளுங்க.

நாளைக்கு அவங்கள ஏர்போர்ட்ல விட்டுட்டு 1372 கன்ஸ்யூமர் நம்பர்ல பேசணும், கார்டு கம்பெனிலயும் கேக்கணும். அப்பா ஒண்ணும் சொல்லல, அந்த 10 வோன் காயின மட்டும் என் டேபிள் மேல வச்சிட்டுப் போய் படுத்துட்டார்.