தண்டமா, புள்ளியா, கமராவா: எங்கள் தெருக்களுக்கு எது சரிவரும்?

இலங்கையில் 2018இல் நடைமுறைக்கு வந்த போக்குவரத்துத் தண்டப்பணப் பட்டியலை ஒருதரம் எடுத்து வாசித்துப் பாருங்கள். வீதியில் மறித்து அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்கும் தண்டத்துக்குரிய குற்றங்கள் 33. தொகை 500 ரூபாயிலிருந்து 3,000 வரை. லொறியில் அளவுக்கு மிஞ்சிச் சாமான் ஏற்றினால் 500. பஸ்ஸில் ஆட்களை அடைந்து ஏற்றினாலும் 500. லைசன்ஸைக் கொண்டுவர மறந்திருந்தால் 1,000. ஆக, மேசையில் கிடந்த அட்டையை எடுக்காமல் வந்தவர், செங்கலடிச் சந்தியில் சில்லு நசிய நெல் மூட்டை ஏற்றிப் போகும் லொறிக்காரரைவிட இரண்டு மடங்கு குற்றவாளி!

இந்தப் பட்டியல் மாற வேண்டும் என்பதில் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. எப்படி மாற்றுவது என்பதில்தான் ஆளுக்கொரு கதை. தொகையைக் கூட்டு என்கிறார் ஒருவர். கமரா பூட்டு என்கிறார் இன்னொருவர். வெளிநாட்டில் இருந்து வந்தவர், குற்றத்துக்குக் குற்றம் புள்ளி சேர்த்துக் கடைசியில் லைசன்ஸைப் பறிக்கும் புள்ளி முறையைச் சொல்கிறார். கொழும்பையும் லண்டனையும் வைத்து இதைப் பேசுவதைவிட, இங்கே கிழக்கில் இருக்கும் கல்லடிப் பாலத்தையும் கல்முனைச் சந்தியையும் வெல்லாவெளி றோட்டையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

இப்போது இருப்பது

நடைமுறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ட்ராஃபிக் பொலிஸ் மறிக்கிறார், லைசன்ஸை வாங்குகிறார், தண்டச் சீட்டை எழுதித் தருகிறார். அந்தச் சீட்டே 14 நாளைக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். அதற்குள் தபால் கந்தோரில் காசைக் கட்ட வேண்டும். தவறினால் அடுத்த 14 நாளைக்குள் இரண்டு மடங்கு. அதுவும் தவறினால் நீதவான் நீதிமன்றம்.

இந்த முறையில் ஒரு நன்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சின்னக் குற்றத்துக்காகத் தவணைக்குத் தவணை கோர்ட் வாசலில் நிற்கத் தேவையில்லை. குற்றத்தை ஏற்றுக்கொண்டு காசைக் கட்டினால் கதை முடிந்தது.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. முத்திரை குத்திய பற்றுச்சீட்டோடு, லைசன்ஸ் கிடக்கும் பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பப் போக வேண்டும். வாழைச்சேனையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு பொத்துவில் பக்கம் போன ஒருவர் அங்கே பிடிபட்டார் என்று வையுங்கள். ஒரு வழிக்கே நூறு கிலோமீற்றருக்கு மேல். 1,000 ரூபாய்த் தண்டத்துக்கு எண்ணெய்க் காசும் ஒருநாள் உழைப்பும் தனி. களுவாஞ்சிகுடியில் ஓட்டோ ஓடும் ஒருவர் சொன்னது இது: "தம்பி, காசக் கட்டுறது பெரிய வேலையில்ல. லைசன்ஸ எடுக்கிறதுக்குத்தான் நாள் போகுது. போனா, பெரியவர் வெளிய போயிட்டார், பின்னேரம் வாங்க எண்டுவாங்க. பின்னேரம் போனா நாளைக்கு."

ஆகவே உண்மையான தண்டனை சீட்டில் எழுதியிருக்கும் தொகை அல்ல, அலைச்சல்தான். அந்த அலைச்சல் குற்றத்தின் கனத்தைப் பார்த்து வருவதுமில்லை. புகைச் சான்றிதழ் கொண்டுவராதவருக்கும் வேகமாக ஓடியவருக்கும் அது ஒன்றுதான். "இந்த இடத்திலேயே முடிச்சிடலாமே, சேர்" என்ற பேச்சு எங்கிருந்து பிறக்கிறது என்று நான் விளக்கத் தேவையில்லை.

தொகையோ தேய்ந்து போயிற்று. 2018 நடுப்பகுதியில் பெற்றோல் லீற்றர் 140 ரூபாய் அளவில் விற்றது. அன்றைக்கு 1,000 ரூபாய்த் தண்டம் கிட்டத்தட்ட ஏழு லீற்றர். 2025இல் லீற்றர் 300ஐ ஒட்டி நின்றபோது அது மூன்று லீற்றர் சொச்சம். வலி குறைந்துவிட்டது, அலைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

தொகையைக் கூட்டுவது

அரசாங்கங்களுக்கு மிகப் பிடித்த வழி இது. ஒரு வர்த்தமானி போதும். 2016 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் ஏழு குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 25,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே பஸ்கள் ஓடாமல் நின்றன. பிறகு இழுபட்டு, குடித்துவிட்டு ஓடுவது, லைசன்ஸே இல்லாமல் ஓடுவது போன்றவற்றுக்கு அந்தத் தொகை சட்டமானது. அவை சின்னக் குற்றங்கள் அல்ல. குடித்துவிட்டு ஓட்டுகிறவருக்கு 25,000 கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே கணக்கைச் சின்னக் குற்றங்களுக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதை இந்தியாவில் பார்த்தோம். 2019 செப்டம்பர் 1 முதல் அங்கே ஹெல்மெட் போடாததற்கு 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆயிற்று. சில நாட்களுக்குள் குஜராத் அரசு பல தொகைகளைக் குறைத்துக்கொண்டது. தமிழ்நாடு புதிய தொகைகளுக்குப் போகவே 2022 ஒக்டோபர் ஆயிற்று. அதை நடைமுறைப்படுத்த வேண்டிய மாநில அரசுகளே தயங்கும் அளவுக்குத் தொகை ஏறிவிட்டது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நாட்கூலிக்குப் போகிறவர் இருக்கிறார், வெளிநாட்டுக் காசில் கார் ஓடுகிறவரும் இருக்கிறார். ஒருவருக்கு 5,000 என்பது கிழமைச் சமையல், மற்றவருக்கு ஒரு நேரச் சாப்பாடு. அதோடு, தண்டம் கூடக்கூட வீதியோரத்தில் பேசி முடிக்கும் விலையும் கூடத்தான் செய்யும். கட்டமுடியாமல் கோர்ட்டுக்குப் போய், அங்கும் கட்டமுடியாமல் மறியலுக்குப் போகிறவர்கள் இந்த நாட்டில் கணிசம்.

வருமானத்தைப் பார்த்துத் தண்டம் போடலாமே என்று கேட்பார்கள். பின்லாந்தில் அது இருக்கிறது, நூறு வருசத்துக்கு மேலாக. 2023இல் ஆண்டர்ஸ் விக்லோஃப் என்ற கோடீஸ்வரர் 50 கிலோமீற்றர் எல்லையில் 82இல் ஓடியதற்கு 1,21,000 யூரோ கட்டினார். வாசிக்க மனம் குளிரும் செய்திதான். ஆனால் அங்கே ஆளின் வருமானம் அரசாங்கத்தின் பதிவில் இருக்கிறது. பெரும்போகத்துக்கு ஒரு கணக்கு, சிறுபோகத்துக்கு ஒரு கணக்கு, இடையில் கடன் என்று வாழும் சம்மாந்துறை விவசாயியின் நாள் வருமானத்தை எந்தப் பதிவில் தேடுவது? பின்லாந்திலேயே சிறிய வேக மீறலுக்கு நிலையான தொகைதான். இதை இங்கே பேசி நேரம் போக்க வேண்டாம்.

கமரா

கொழும்பில் 2024 ஜனவரி 22 முதல் கமராவைப் பார்த்து வழக்குப் போடுகிறார்கள். கமரா ஆள் பார்ப்பதில்லை, கைநீட்டுவதில்லை. அது பெரிய விசயம். எங்கள் பக்கம் ஹெல்மெட் முழங்கையில்தான் பயணம் செய்யும். எதிரே வருகிறவர் லைட்டை இரண்டுதரம் அடித்துக் காட்டினால் தலைக்கு ஏறும், பொலிஸைத் தாண்டியதும் பழையபடி கைக்கு இறங்கும். கமராவுக்கு யாரும் லைட் அடித்துக் காட்ட முடியாது.

தடை வேறு இடத்தில். கடிதம் போவது வாகனம் யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு. இங்கே மோட்டார் சைக்கிள் கைமாறும் விதம் தெரிந்ததுதானே. வாங்கியவர் பேரை மாற்றாமல் இரண்டாம் ஆளுக்கு விற்று, அவர் மச்சானுக்குக் கொடுத்து, மச்சான் இப்போது கட்டாரில். கடிதம் ஏறாவூரில் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டும். அது எந்த மொழியில் இருக்கும் என்பது அடுத்த கேள்வி. பேர் மாற்றும் வேலை ஒழுங்காகும்வரை கமரா நகரத்துச் சிக்னல் சந்திகளோடு நிற்கட்டும்.

புள்ளி

தண்டத்துக்கு ஞாபகம் கிடையாது. ஒரே வளைவில் ஐந்துதரம் தவறான பக்கத்தால் முந்திய பஸ் சாரதியும், முதல்தரம் தவறிய ரீச்சரும் ஒரே தொகையைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். புள்ளி முறை ஞாபகம் வைத்திருக்கும். பிரித்தானியாவில் சாதாரண வேக மீறலுக்கு 100 பவுண், மூன்று புள்ளி. மூன்று வருசத்துக்குள் 12 சேர்ந்தால் வழக்கமாகக் குறைந்தது ஆறு மாதம் ஓட முடியாது. ஜேர்மனியில் 2014 முதல் எட்டுப் புள்ளியோடு லைசன்ஸ் போகும். சிங்கப்பூரில் 24 மாதத்துக்குள் 24 சேர்ந்தால் இடைநிறுத்தம்.

காசுக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் மூன்று புள்ளி மூன்று புள்ளிதான் என்பது இதன் அழகு. (காசுக்காரன் சம்பளத்துக்குச் சாரதி பிடிப்பான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) A4 வீதியில் காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. பாடசாலை, பள்ளிவாசல், கோயில், சந்தை எல்லாம் றோட்டோரம். அதற்குள் போட்டிக்கு ஓடும் பஸ்காரருக்கு 2,000 ரூபாய் ஒரு ட்ரிப்பில் திரும்பி வரும். லைசன்ஸ் போனால் முதலாளி வேறு சாரதியைத் தேடுவார். அந்தப் பயம் வேலை செய்யும்.

எங்கள் சட்டத்தில் இதற்கு 2009 திருத்தத்திலேயே இடம் வைத்தாயிற்று. அதற்குப் பிறகு வருசத்துக்கு வருசம் "விரைவில்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். பொலிஸ் எழுதுவதும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவும் ஒரே கணினியில் சேராமல் புள்ளி எண்ண முடியாது.

எனக்குப் பயம் ஒன்று இருக்கிறது. ஓட்டோக்காரரின் வயிற்றுப்பாடு ஒரு உத்தியோகத்தரின் பேனைக்குள் போய்விடும். தண்டத்தைக் கட்டிவிட்டு "போகட்டும்" என்று விடலாம், புள்ளியை அப்படி விட முடியாது. ஆகவே அது பிழை என்று சொல்லி முறையிட ஓர் இடம் கிட்ட இருக்க வேண்டும். தமிழில் எழுதிக் கொடுத்தால் தமிழில் பதில் வர வேண்டும். அது இல்லாமல் புள்ளி முறை வருவதானால் வராமலே இருக்கலாம்.

வேக எல்லையைச் சிறிது தாண்டியவருக்குப் பிரித்தானியாவில் இன்னொரு வழி கொடுக்கிறார்கள்: புள்ளியும் தண்டமும் வேண்டாம், காசு கட்டி ஒரு வகுப்புக்கு வா. இதை இங்கே செய்யலாம். பிரதேச சபை மண்டபம் போதும், ஞாயிறு காலை போதும். பெற்றோல் டாங்கியில் குழந்தையை இருத்திக்கொண்டு வருகிற தகப்பனுக்கு, 40 கிலோமீற்றர் வேகத்தில் பிறேக் பிடித்தால் அந்தக் குழந்தை எங்கே போய் விழும் என்று படம் போட்டுக் காட்டினால் 1,000 ரூபாயைவிட நெஞ்சில் நிற்கும்.

திருத்திக்கொண்டு வா

நமது ஊரில் யாரும் பேசாத வழி இதுதான். எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். கலிபோர்னியாவில் லைட் எரியாததற்கோ பத்திரம் கையில் இல்லாததற்கோ பிடித்தால், திருத்திக்கொண்டு வந்து காட்டு என்று சீட்டு எழுதுவார்கள். காட்டினால் சிறு கட்டணத்தோடு வழக்குத் தள்ளுபடி. பிரித்தானியப் பொலிஸிடமும் வாகனப் பழுதுகளுக்கு 14 நாள் அவகாசம் கொடுக்கும் முறை ஒன்று உண்டு.

இரவு ஏழரைக்கு மண்டூர்ப் பக்கமிருந்து வெல்லாவெளிக்கு ஓடிப் பாருங்கள். முன்னால் போகும் உழவு மெஷின் பெட்டிக்குப் பின்லைட் இருக்காது, மின்னும் ஸ்டிக்கரும் இருக்காது. சேற்று நிறத்தில் ஒரு பலகைதான் திடீரென்று கண்முன் நிற்கும். பக்கத்தில் மாடு படுத்திருந்தால் அதற்கும் லைட் இல்லை. அந்த மெஷின்காரரிடம் ஆயிரம் ரூபாயை வாங்கிவிட்டு அனுப்பினால் நாளைக்கும் அதே பலகைதான் வரும், காசு மட்டும் திறைசேரிக்குப் போயிருக்கும். அதே காசுக்குப் பின்லைட்டும் ஸ்டிக்கரும் வாங்கிப் பூட்டி, 14 நாளைக்குள் வீட்டுக்குக் கிட்டின எந்தப் பொலிஸ் நிலையத்திலாவது காட்டு என்றால்? பின்னால் வருகிறவர் தப்புவார். காட்டாவிட்டால் இரண்டு மடங்கு எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது.

லைசன்ஸை மறந்தவருக்கும், வாகன வருமான அனுமதிப்பத்திரம் வீட்டில் கிடப்பவருக்கும் இதே வழிதான் நியாயம். இந்தக் காகிதக் குற்றங்களையும் உயிருக்கு ஆபத்தான குற்றங்களையும் ஒரே பட்டியலில் போட்டுத்தான் 33 என்ற எண் வந்தது. முதலில் அதை இரண்டாகக் கிழிக்க வேண்டும். காகிதமும் பழுதும் ஒரு பக்கம், அதற்கு அவகாசம். வேகம், முந்துதல், சிக்னல், ஹெல்மெட், அளவுக்கு மிஞ்சிய பாரம் மறுபக்கம், அதற்குத் தண்டமும் புள்ளியும்.

எதை முதலில் செய்வது

சட்டம் மாறாமலே ஒன்று தொடங்கிவிட்டது. 2025 ஏப்ரலில் குருநாகல் – அனுராதபுரம் பாதையில் பரீட்சார்த்தமாக, அரசாங்கத்தின் இணையவழிக் கட்டண முறையான கவ்பே வழியாகத் தண்டம் கட்ட விட்டார்கள், பிறகு கட்டம் கட்டமாக மற்ற இடங்களுக்கும் விரித்தார்கள். நின்ற இடத்திலேயே கட்டினால் லைசன்ஸும் அந்த இடத்திலேயே கைக்கு வரும். அந்த வருசம் ஆகஸ்டில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தண்டம் கட்ட ஒரு வாசலை மட்டும் வைத்திருப்பதன் பிழை தெரிந்தது. படுவான்கரையில் வயசானவரிடம் ஸ்மார்ட் போன் இல்லை என்பார்கள். சரி, இல்லைத்தான். மகளிடம் இருக்கிறது, சந்தியில் கொமினிகேஷன் கடை இருக்கிறது. அந்த ஓட்டோ அண்ணன் சொன்ன அலைச்சலில் பாதி இதோடு போய்விடும். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது எங்கள் பொலிஸ் நிலையம் ஒவ்வொன்றிலும் ஒழுங்காக ஓட வேண்டும். அதற்குப் பின் பட்டியலைப் பிரிப்பது, அதற்குப் பின் புள்ளி.

இவ்வளவு பேசியும் ஒரு கூட்டம் எந்த வழியிலும் அகப்படாது: லைசன்ஸே எடுக்காமல் ஓடும் பொடியன்கள். புள்ளி போட அவர்களிடம் அட்டை இல்லை. கமரா கடிதம் தகப்பனுக்குப் போகும். 25,000 தண்டத்தையும் தகப்பன்தான் கட்டுவார், காசு சவூதியிலிருந்து வரும். அவர்களைப் பிடித்த அன்றைக்கு மோட்டார் சைக்கிளை நிலையத்தில் நிறுத்திவிட்டு, லைசன்ஸ் எடுக்கும் வயசு வந்தவனானால் எழுத்துப் பரீட்சைக்குத் திகதி எடுத்துக்கொண்டு வந்து காட்டினால்தான் சாவி என்று சொல்லலாம். வயசு வராதவனின் மோட்டார் சைக்கிளைத் தகப்பன் நேரில் வந்து கையெழுத்து வைத்துத்தான் எடுக்க வேண்டும்.