“28தானே, போகும்” என்று தலையில் கட்டிய சக்கரம்: டர்பன் சைக்கிள்காரர்கள் கவனத்துக்கு

அக்டோபர் மாத அமாஷோவா சைக்கிள் பந்தயத்துக்காகச் சக்கரம் மாற்றப் போகிறவர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்.

சாட்ஸ்வொர்த் தம்பி ஒருவருக்கு நடந்தது இது. அவர் ஓட்டியது 25-622 டயர், அதாவது அகலம் 25 மி.மீ., ரிம் விட்டம் 622 மி.மீ. அவருடைய ஃபிரேம் ஏற்கும் உச்ச அளவு 28. கடையில் புதுக் கார்பன் சக்கர ஜோடி மாட்டி, சாதாரண டியூப் டயரில் 28 போட்டு, 100 பிஎஸ்ஐ காற்றடித்துக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் செயின்ஸ்டேயின், அதாவது பின்சக்கரத்தை ஒட்டிப் போகும் ஃபிரேம் குழாயின், உட்பக்கம் பெயின்ட் போய்விட்டது. விரலால் தடவினால் கரித்தூள் ஒட்டுகிறது, கீழே கார்பன் இழை தெரிகிறது.

காலிப்பர் வைத்து அளந்தால் டயர் 30.6 மி.மீ. இருந்தது. டயரில் அச்சிட்ட 28 என்பது சுமார் 19 மி.மீ. உள் அகலமுள்ள ரிம்முக்கான கணக்கு. இந்த ரிம்மின் உள் அகலமோ 25. உள் அகலம் ஒரு மி.மீ. கூடினால் டயர் ஏறக்குறைய 0.4 மி.மீ. பருக்கும். காற்றடித்து ஒரு நாள் கழித்து இன்னும் கொஞ்சம் விரியும், அதனால் மறுநாள்தான் அளக்க வேண்டும். மிச்ச இடைவெளி 2 மி.மீ. கூட இல்லாதபோது, இன்சாங்கா ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் சக்கரம் வளைந்து ஃபிரேமில் உரசத்தான் செய்யும். 4 மி.மீ. எல்-கீயை டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் தடையில்லாமல் போக வேண்டும்.

உரசலைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அதில் இருந்தது. அது ஹூக்லெஸ் ரிம். டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி அதில் கிடையாது. அதற்கு டியூப்லெஸ் டயர் மட்டுமே போட வேண்டும், காற்று 5 பாருக்கு, அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு, மேல் போகக் கூடாது. உள் அகலம் 25 என்றால் டயர் குறைந்தது 29 இருக்க வேண்டும். மூன்றையும் மீறிக் கொடுத்திருக்கிறார்கள். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் அந்த டயர் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

75 கிலோ ஆளுக்கு, 19 அல்லது 21 உள் அகலக் கொக்கி ரிம்மில் உண்மையான 28 டயர், பின்னால் சுமார் 75, முன்னால் 70 பிஎஸ்ஐ போதும். இந்தப் பக்கத்துச் சொரசொரப்பான தாருக்கு 100 அடிப்பது வீண் குலுக்கல். விட்டத்துக்கு இன்ச் கணக்கை நம்பாதீர்கள். 700சி என்றால் 622, பழைய 27 இன்ச் 630, 650பி 584. டயரின் பக்கவாட்டிலும் ரிம்மிலும் உள்ள மூன்று இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும்.

“மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்றார்களாம் கடைக்காரர்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணம் திரும்பவா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர் உரிமை. அதனால் ரிம் மாடல், உள் அகலம், கொக்கி உண்டா இல்லையா, ஃபிரேமின் உச்ச டயர் அளவு, இந்த நான்கையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.