சைக்கிளில் மஸ்கெலியாவா, உடுநுவரவா?

மலையகத்தில் வாகன இரைச்சல் இல்லாத பாதையில் ஓரிரு நாள் சைக்கிள் மிதிக்க வேண்டும், வழியில் பழைய வழிபாட்டிடங்களையும் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் இப்போது உடுநுவர என்றுதான் சொல்கிறேன். ஹட்டன் பக்கம் பிறந்தவன் இப்படிச் சொல்வது எங்கள் வீட்டிலேயே சிலருக்குப் பிடிக்கவில்லை. "நம்ம மலைய விட்டுட்டு கண்டிப் பக்கம் கூட்டிட்டுப் போறியாக்கும்" என்றார் சித்தப்பா. கொழும்பிலிருந்து வந்த அத்தை மகன்களோடு போவதற்கு இரண்டு பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்த காரணத்தைச் சித்தப்பாவுக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஒன்று, ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக, சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணி வரை போகும் பாதை. ஒரு வழிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மற்றது உடுநுவரப் பாதை, கண்டிக்குப் பக்கத்துப் பேராதனையிலிருந்து தவுலகல வழியாக எம்பெக்க, லங்காதிலக்க, கடலாதெனிய என்று மூன்று பழைய வழிபாட்டிடங்களையும் தொட்டு பிலிமத்தலாவையில் வந்து ஏறும் சுற்று. பேராதனைக்கே திரும்பினாலும் 30 கிலோமீட்டர் ஆகாது.

வேறு பாதைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியா ஏறினால் றம்பொடை ஆஞ்சநேயர் கோயில், நுவரெலியாவைத் தாண்டினால் சீத்தா எலிய அம்மன் கோயில். ஆனால் அது ஏ5 பிரதான வீதி. சுற்றுலா வேன், கோழி லொறி, மரக்கறி லொறி, தனியார் பஸ் எல்லாம் அதில்தான். ஹப்புத்தளையில் 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய ஆதிசம் மாளிகை இன்று பெனடிக்ட் சபைத் துறவியரின் மடம், அழகான இடம். அந்தப் பக்கத்தில் நான் சைக்கிளில் போனது தம்பேதன்னைத் தோட்டப் பாதை மட்டும்தான். தோவ, போகொட விகாரைகள் எல்லாம் பஸ்ஸில் பார்த்தவை. அதனால் அந்த ஊவா மாகாணத்துப் பக்கத்தை இந்த அலசலில் சேர்க்கவில்லை.

காட்சி, காற்று, தேத்தண்ணிக் கடை, இதிலெல்லாம் இரண்டு பாதையும் குறை சொல்ல முடியாதவை. ஏற்றம் வேறு மாதிரி. மஸ்கெலியாப் பாதை மலையை வளைந்து வளைந்து போவதால் ஏற்றம் நீளமாக, ஒரே சீராக இருக்கும். உடுநுவரவில் வயலிலிருந்து மேட்டுக்கு, மேட்டிலிருந்து வயலுக்கு என்று குட்டை குட்டையான ஏற்றங்கள்; சில இடங்களில் இறங்கித் தள்ள வேண்டிவரும். கியர் இல்லாத சைக்கிள் என்றால் இரண்டிலும் தள்ளத்தான் வேண்டும்.

மஸ்கெலியாப் பக்கத்துக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயம் இருக்கிறது. கருங்கல் சுவர், வண்ணக் கண்ணாடி, பக்கத்தில் துரைமார்களின் கல்லறைகள், கீழே காசல்ரீ நீர்த்தேக்கம். அந்தக் கல்லறைகளில் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது. அவர்களுக்காகக் காடு வெட்டியவர்களுக்கு அப்படி ஒரு கல் எங்கும் கிடையாது. ஆனால் அவர்கள் வைத்த சாமிகள் இருக்கிறார்கள். தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு மாரியம்மன், ஒரு முனியாண்டி. தேயிலைச் செடியை வெட்டும் காலத்துக்கு ஒரு கவ்வாத்துச் சாமி, ஆலைச் சக்கரத்துக்கு ரோதமுனி. தொழிலிலிருந்தே பிறந்த இந்தத் தெய்வங்களை உடுநுவரவில் தேடினால் கிடைக்காது. அப்புறம் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம். 1969இல் அந்த அணை முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து எழும்பி நிற்கும்; அதைப் பார்க்கவே சனம் வரும். எல்லாவற்றுக்கும் மேலே 2,243 மீட்டரில் சிவனொளிபாதமலை. நான்கு மதத்தாரும் ஏறும் மலை என்பது ஊரறிந்த விஷயம்.

இவ்வளவும் இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறேன்? நாட்காட்டிதான் காரணம். எங்கள் கணக்கில் மற்ற எதுவும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை.

மலை ஏறும் சீசன் டிசம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடிகிறது. மேற்குச் சரிவில் மழை குறைந்த மாதங்களும் பெரும்பாலும் இதற்குள்தான் வருகின்றன. வெசாக் கழிந்து பாதை காலியாகும் நேரத்தில் தென்மேல் பருவமழை வந்துவிடும். ஹட்டன், டிக்கோயாப் பக்கம் ஜூன், ஜூலை மழை எப்படி என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் போட்ட உடுப்பு மாலை வரை காயாது, மூடுபனியில் முன்னால் வரும் லொறியின் விளக்குத்தான் தெரியும். செப்டம்பர் தாண்டினால் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி மழை. ஆக, காய்ந்த பாதை வேண்டும் என்றால் கூட்டத்தோடு போக வேண்டும். காலியான பாதை வேண்டும் என்றால் நனைய வேண்டும்.

சரி, சீசனில் வார நாளில் போகலாமே? போகலாம். ஜனவரி, பெப்ரவரியில் போயா இல்லாத ஒரு செவ்வாய், புதன் பகலில் அந்தப் பாதை நன்றாகவே இருக்கும். கொழுந்து ஏற்றும் லொறி, பாடசாலை வேன், ஹட்டன் பஸ், அவ்வளவுதான். ஆனால் வேலைக்குப் போகிறவனுக்கு லீவு எப்போது கிடைக்கிறது? சனி, ஞாயிறு, போயா. மலைக்குப் போகும் கூட்டத்துக்கும் அதே நாட்கள்தான் வாய்க்கின்றன. நம்முடைய ஓய்வு நாளும் அந்தப் பாதையின் ஓய்வு நாளும் ஒன்றாக விழுவதே இல்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கூட்டம் என்றால் வெறும் எண்ணிக்கை அல்ல. மலைக்குப் போகிறவர்கள் இரவில் ஏறி, சூரிய உதயம் பார்த்து, காலையில் இறங்குகிறார்கள். தூரத்து ஊர்களிலிருந்து வாடகை வேனில் வந்தவர்கள் உடனே வீடு திரும்பப் புறப்படுவார்கள். சாரதியும் பல நேரம் அவர்களோடு மலை ஏறி இறங்கியவன்தான். அதாவது நாம் வெயிலுக்கு முன்னால் மிதிக்கலாம் என்று புறப்படும் எட்டு, ஒன்பது மணிக்கு, எதிரே இறக்கத்தில் வருகிறவனுக்கு ஒரு இரவுத் தூக்கம் பாக்கி. நோர்வூட்டில் ஒரு கடைக்கார ஐயா இதைச் சுருக்கமாகச் சொன்னார்: "தம்பி, ராத்திரி போற வண்டிக்குப் பயப்பட வேணாம், காலையில எறங்குற வண்டிக்குப் பயப்படுங்க." அந்த வளைவுகளில் சைக்கிள் ஒதுங்குவதற்கு இடமும் அதிகம் இல்லை. ஒரு பக்கம் மண் மேடு, மறு பக்கம் பள்ளம். கொழும்பு ரோட்டில் ஓட்டிப் பழகிய பையன்களை அந்த நேரத்தில் அங்கே கூட்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

உடுநுவரவில் இந்தக் கணக்கே தேவையில்லை. கண்டி–கொழும்பு வாகனங்களை எல்லாம் ஏ1 வீதி தன்மேல் எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து உள்ளே திரும்பினால் ஊர்க்காரர்களின் ஆட்டோ, மோட்டார் சைக்கிள், எப்போதாவது ஒரு பஸ். வேறு எங்கோ போகிறவர்கள் குறுக்குவழியாகப் பயன்படுத்தும் பாதை இல்லை அது. போயா நாளில் வெள்ளை உடுத்தி விகாரைக்குச் சில் எடுக்க, அதாவது பௌத்த விரதம் இருக்க, வருகிறவர்கள் இருப்பார்கள், அவர்களிலும் பலர் நடந்து வருகிறவர்கள். சுற்றுலா வேன்கள் கண்டியில் காலைச் சாப்பாடு முடித்து பிலிமத்தலாவைப் பக்கமிருந்து கடலாதெனியவுக்குத்தான் முதலில் வரும். அதனால்தான் நான் எதிர்த்திசையைச் சொல்கிறேன். ஏழு மணிக்குள் பேராதனையில் புறப்பட்டு எம்பெக்கவை முதலில் பாருங்கள். மழை விஷயமும் இங்கே இலகு. தென்மேல் மழை இங்கும் உண்டுதான், ஆனால் தூரம் குறைவு என்பதால் ஒரு காலைப் பொழுதில் சுற்று முடிந்துவிடும். பின்னேர மழை வரும்போது நாம் பேராதனையில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

பார்க்க வேண்டிய இடங்களைப் பொறுத்தவரை, சிறிய வட்டத்துக்குள் இவ்வளவு பழமை மலையகத்தில் வேறெங்கும் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை. மூன்றும் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, கம்பளை தலைநகராக இருந்த காலம்.

எம்பெக்க தேவாலயம் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் கதிர்காமக் கடவுளுக்கு எழுந்தது, நம் கந்தசாமிதான். மேளம் கொட்டும் மண்டபத்தின் மரத்தூண்களில் பாலூட்டும் தாய், மல்லர்கள், இருதலைப் பறவை, நடனமாடும் பெண்கள் என்று சதுரம் சதுரமாகச் செதுக்கியிருக்கிறார்கள். தூணோடு நின்றுவிடாமல் தலையை நிமிர்த்திக் கூரையையும் பாருங்கள். ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒன்றுகூடி ஒரே ஆப்பில் நிற்கின்றன. ஊரில் இன்றும் மரச்செதுக்கல் நடக்கிறது.

அங்கிருந்து வயல் ஓரமாக லங்காதிலக்க. பச்சை வயலுக்கு மேலே பாறையில் வெள்ளையாக நிற்கும் கட்டடம் தூரத்திலேயே தெரியும். 1344இல், நான்காம் புவனேகபாகு காலத்தில், சேனாலங்காதிகார என்ற அமைச்சர் கட்டுவித்தது; கட்டியவர் ஸ்தபதி ராயர். முன்னால் புத்தர். பின்புறமாகச் சுற்றிப் போனால் விபீஷணன், கணபதி, கந்தன் என்று தெய்வங்களுக்குத் தனிச் சந்நிதிகள். பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. விகாரைக்கு விட்ட நிலங்களையும் கொடைகளையும் பற்றியது. எங்கள் பையன்கள் அதன் முன்னால் குந்தி, எழுத்துக்கூட்டிப் பார்த்து, இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் போக முடியாமல் விட்டார்கள். அந்தக் கால எழுத்து அப்படி. இருந்தாலும் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கடலாதெனியவும் அதே 1344. கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பாசாரி கட்டியது. வெறும் பாறையின்மேல் கல்லாலேயே எழுப்பியதால், தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றுக்குள் புத்தரைப் பார்க்கிற மாதிரி இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. செருப்பைக் கழற்றித்தான் போக வேண்டும், பதினொரு மணிக்குப் பிறகு அந்தப் பாறை தோசைக்கல்தான். கடைசியாக வருகிற இடம் என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புக் காலுறை ஒன்று பையில் இருந்தால் நல்லது. அரைக்காற்சட்டையோடு எந்த விகாரைக்குள்ளும் போக முடியாது, ஒரு சாரத்தைச் சுருட்டி ஹேண்டிலில் கட்டிக்கொண்டால் போதும். சைக்கிளை வாசலில் விற்பனைக்காரர்களிடம் சொல்லி நிறுத்தினோம், ஒருவரும் காசு கேட்கவில்லை. கடலாதெனியவிலிருந்து வெளியே வரும் வழியில் பித்தளைப் பட்டறைகள். பிலிமத்தலாவையிலிருந்து பேராதனை வரை மட்டும் ஏ1 வீதியைத் தவிர்க்க முடியாது, அந்தத் துண்டு பிடிக்காதவர்கள் வந்த வழியே திரும்பலாம்.

உடுநுவரவின் குறை என்ன என்று கேட்டால், தேயிலை மலையின் பிரமாண்டம் இல்லை. வீடுகள் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும், நாய்களும். தனிமை வேண்டும் என்று வருகிறவருக்கு இது ஊருக்குள் ஓட்டுவது போலத் தோன்றலாம். வார நாளில் லீவு எடுக்க முடிந்தவர்கள், மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் நாட்களில் மஸ்கெலியாப் பக்கம் போவதை நான் தடுக்கவே மாட்டேன். சித்தப்பாவும் அதைத்தான் சொல்கிறார், அவர் ஓய்வுபெற்றவர்.

இரண்டாவது நாளும் கையில் இருந்தால் பேராதனையில் தங்கி, மறுநாள் பல்கலைக்கழகத்தைத் தாண்டி கலஹா வீதியில் ஏறுங்கள். வழியில் ஹிந்தகல விகாரை, அநுராதபுரக் காலத்து ஓவியத்தின் மிச்சம் அங்கே பாறையில் இருக்கிறது. கலஹாவில் மறுபடி தேயிலையும் தமிழும் வந்துவிடும். இன்னும் மேலே, தெல்தோட்டை தாண்டி, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர. நான் மிதித்தது கலஹா வரைதான், மேலே பஸ்ஸில் போயிருக்கிறேன். பஸ் முதல் கியரில் முனகிய இடங்களை நினைத்தால், திரும்பி இறங்குவதற்கு முன் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிக்கொள்வது நல்லது. கண்டியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.