கோட்டையூர்த் தெருக்களில் குறைந்த செலவில் நெடுந்தூர ஓட்டம்: இரண்டு வருட அனுபவம்

நெடுந்தூரம் ஓட ஆரம்பிக்க எவ்வளவு காசு வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் கணக்கு ஒன்றுதான். ஒரு ஜோடி ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ், பெண்ணாக இருந்தால் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா. மூவாயிரத்துக்குள் முடித்துவிடலாம். மற்றதெல்லாம் நம் ஊரிலேயே கிடக்கிறது, இல்லையென்றால் தேவையே இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாகக் காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ஓடுகிறேன். அலுவலகம் போகிற, வீட்டில் பத்து வயதுப் பையன் இருக்கிற ஒருத்தியின் அனுபவம் இது. வேகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு ஆளைப் பாருங்கள்.

முதலில் ஷூ. என் முதல் ஜோடி, டெகாத்லான் என்ற விளையாட்டுப் பொருள் கடையின் ஆரம்ப விலை மாடல். கடைக்குச் சாயங்காலமாகப் போவது நல்லது. பகல் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஓடப் போகிற சாக்ஸைக் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு முறை ஓடிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். அந்த ஜோடி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தது. ஓட்ட ஷூவுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஆயுசு என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆக அந்த விலைக்கு எனக்குக் குறையே இல்லை.

ஷூ முடிந்துவிட்டதா என்பதை மேல் துணியை வைத்துச் சொல்ல முடியாது. மேலே புதுசு மாதிரியே இருக்கும், உள்ளே நுரை செத்திருக்கும். இரண்டையும் மேஜை மேல் வைத்துக் குதிகால் பக்கமிருந்து பார்ப்பேன். என்னுடையது வலது குதிகாலின் வெளி ஓரம் சாய்ந்து நிற்கும். இங்கத்திய செம்மண் சரளை ரப்பரை அரைத்துத் தள்ளிவிடுகிறது. காரணமே இல்லாமல் முழங்காலும் முன்னங்காலெலும்பும் கடுகடுவென்று வலிக்க ஆரம்பித்தாலும் ஷூவைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். வீசிவிட வேண்டியதில்லை, மார்க்கெட்டுக்குப் போக இன்னொரு வருஷம் வரும்.

இரண்டாவது ஜோடி வேறு கம்பெனி, தள்ளுபடியில் வந்தது. ஒரு சித்திரை மாதம் முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு அருகில் செருப்புத் தைக்கும் தாத்தாவிடம் கொடுத்தேன். பசை போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நைலான் நூலைப் பக்கவாட்டில் கோத்துச் சுற்றுத் தையல் போட்டுக் கொடுத்தார். ஐம்பது ரூபாய். "இது நடக்கத் தாங்கும், ஓடத் தாங்காதும்மா" என்று அவரே சொன்னார். சொன்னபடியே ஆயிற்று; நீளமாக ஓடினால் தையல் விழுந்த இடத்தில் சுண்டுவிரல் உரசிக் கொப்புளம் வந்தது. நனைந்த ஷூவை வெயிலில் வைக்காமல், பழைய தினத்தாளைத் திணித்து நிழலில் காயவைக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். வெயிலில் பசை விட்டுப்போகுமாம்.

சாக்ஸில் பருத்தி வேண்டாம். வேர்வையைக் குடித்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த ஈரத்தில்தான் தோல் உரிகிறது. நைலான், பாலியெஸ்டர் கலந்தது போதும். கால் பராமரிப்பில் எனக்குக் குரு யார் என்றால், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் என் சித்தி. குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் என்று நாள்கணக்கில் நடப்பவர்களைவிடக் கொப்புளத்தைப் பற்றி யாருக்குத் தெரியும்? "சாக்ஸைத் திருப்பிப் போடு, தையல் வெளிய இருக்கட்டும். விரலிடுக்குல தேங்காயெண்ணெய் தடவு" என்றார். ஓட்டக்காரர்களுக்கென்று தனியாக விற்கும் களிம்பு இதுவரை எனக்குத் தேவைப்படவில்லை.

ஸ்போர்ட்ஸ் பிரா விஷயத்தை ஆண்கள் எழுதும் பட்டியல்களில் பார்க்கவே முடியாது. ஷூவுக்கு அடுத்தபடியாகச் சிக்கனம் பார்க்கக் கூடாத பொருள் இதுதான். சாதாரணமானதைப் போட்டு ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் தோள்பட்டை அறுக்கும், விளிம்பு உரசிய இடம் குளிக்கும்போது எரியும். அகலமான பட்டை, மார்புக்குக் கீழே இறுக்கமாகப் பிடிக்கும் பட்டி, இரண்டும் இருக்கிறதா என்று போட்டுக் குதித்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டை மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டால் வெகுநாள் வரும். மேலே திருப்பூர் பாலியெஸ்டர் டி-ஷர்ட், கீழே ட்ராக் பேண்ட். இரண்டுக்கும் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம்.

கடிகாரம், தம்பி போட்டுவிட்டு ஒதுக்கிய கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989இல் வந்த மாடல், இன்னமும் விற்கிறார்கள். ஸ்டாப்வாட்ச் ஒரு மணி நேரம் வரை எண்ணி, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நீண்ட ஓட்டத்தில் எத்தனையாவது மணி என்பதை நாம் நினைவு வைத்துக்கொண்டால் சரி. தூரத்தை அளக்க, போனில் ஸ்ட்ராவா என்ற ஓட்ட ஆப்பின் இலவசக் கணக்கு போதும். போனைத் தூக்கப் பிடிக்காத நாளில் சாலையோரக் கல்லே போதும்: ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் நட்டிருப்பார்கள். மஞ்சள் தலை போட்ட கல் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை. மஞ்சள் கல் பக்கம் ஓட வேண்டாம், லாரிக்காரர்கள் இருட்டில் பார்க்க மாட்டார்கள்.

எங்கே ஓடுவது என்பதில்தான் செட்டிநாட்டுக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். கோலால் அடித்த மாதிரி நேரான, அகலமான தெருக்கள். பாதி வீடுகளில் ஆளில்லை, அதனால் விடியற்காலை வண்டியும் இல்லை. பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே சுவர் போய்க்கொண்டே இருக்கும். முகப்பு முனையிலிருந்து அடுப்படிச் சுவர் முடியும்வரை வேகம், தெருமுனை திரும்பும்வரை நடை, அப்புறம் அடுத்த வீடு. இதுதான் என் வேகப் பயிற்சி. ஓட்டமும் நடையும் கலப்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். அந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பிய ஜெஃப் கேலோவே, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர்.

கண்மாய்க் கரை மண் முழங்காலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் சீமைக்கருவேல முள் நுரை அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். வெளிச்சம் வந்த பிறகு மட்டும் போங்கள், வீடு திரும்பியதும் அடியைத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

ஆரம்பத்தில் ஒரு முகப்பில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து, "ஏத்தா, யாரும் தொரத்துறாய்ங்களா?" என்று கேட்டார். "இல்லை ஆச்சி, உடம்புக்கு" என்றேன். "உடம்புக்குன்னா அம்மியில அரைக்க வேண்டியதுதானே" என்றார். இப்போது ஒரு நாள் வரவில்லை என்றால் மறுநாள் காரணம் கேட்கிறார். இருட்டில் ஓடும் பெண்ணுக்கு இப்படித் தெருவுக்கு ஒருவர் தெரிந்தவராக இருப்பது எந்தப் பாதுகாப்பு ஆப்பையும் விட மேல். நீண்ட ஓட்டத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டு மதினியைச் சைக்கிளில் கூட்டிக்கொள்வேன்.

நாய்க்கு என் வழி, ஓட்டத்தை நிறுத்தி நடப்பது. ஓடினால்தான் துரத்தும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம், சொல்லும் தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

கத்திரி வெயில் மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பாவிட்டால் ஓட்டத்தை விட்டுவிடலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால், ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலக்கும் அதே அளவுதான். உப்பு கூடிவிடாமல் அளந்து போடுங்கள். ஓட்டத்தின் நடுவே சக்திக்காகச் சாப்பிடும், நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் ஜெல்லுக்குப் பதில் இடுப்புப் பையில் கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். கடலைமிட்டாயை ஓடிக்கொண்டே மென்றால் புரையேறும், நடக்கும்போது சாப்பிடுங்கள். திரும்பி வந்தால் நீராகாரமும் சின்ன வெங்காயமும்.

உண்மையில் காசு கரைவது போட்டிகளில். வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குப் போனேன். நுழைவுக் கட்டணம், போக்குவரத்து, முந்தின இரவு அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் இரண்டு ஜோடி ஷூ விலை. கிடைத்த பதக்கத்தைப் பையன் எடுத்துக்கொண்டான். கூட்டத்தோடு ஓடும் சந்தோஷம் தனிதான், மறுக்கவில்லை. வருஷத்துக்கு ஒன்று போதும். மற்றபடி என் அரை மாரத்தான், காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குப் போய்த் திரும்புவது. ஒரு வழி சுமார் பத்து கிலோமீட்டர், அரை மாரத்தானின் 21.1 கிலோமீட்டருக்குக் குறைவதை மலையடிவாரத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம். போகும்போதே முருகன் கோயில் மலை முன்னால் தெரியும், வழி கேட்க வேண்டியதில்லை. திரும்பி ஓட முடியாத நாளில் டவுன் பஸ். 2021லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்பதால், பாதியில் விடுவதற்கும் எனக்குச் செலவில்லை.

வெறுங்காலில் ஓடினால் ஷூ செலவும் மிச்சமே என்று சிலர் சொல்கிறார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலில்தான் வென்றார். நம் சிவ்நாத் சிங்கும் வெறுங்காலில் ஓடிப் பெயர் வாங்கியவர். 1978இல் ஜலந்தரில் அவர் மாரத்தான் ஓடிய 2 மணி 12 நிமிடம் பல பத்தாண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. அவர்கள் கால் வேறு. இந்தச் சரளையில் வயலில் நடந்து பழகாத என் காலை நான் இறக்க மாட்டேன்.

அடுத்து முழு மாரத்தான், ஜனவரியில் சென்னையில். இரவு ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட், தங்க மாம்பலத்தில் அத்தை வீடு. புது ஷூவை ஐப்பசியிலேயே வாங்கிவிட வேண்டும். 42 கிலோமீட்டருக்குப் பழகாத ஷூவோடு நிற்க முடியாது, தீபாவளித் தள்ளுபடியும் அப்போதுதான் வரும்.