இரண்டாம் கட்டு வரை வைஃபை: எக்ஸ்டெண்டரா, மெஷ்ஷா, கேபிளா?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் ஃபைபர் முகப்போடு நின்றுவிடும், ரௌட்டரும் அங்கேயே. முதல் முற்றத்தைச் சுற்றிய வளவில் சிக்னல் பரவாயில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டில் ஒரு கோடு தெரியும், அடுப்படியில் அதுவும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடிச்சுவர் அப்படி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு ஊடுருவும், வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்றிரண்டு சுவரிலேயே ஓய்ந்துவிடும்.

மலிவான வழி எக்ஸ்டெண்டர். சாதாரண மாடல்கள் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். ஆச்சி சிங்கப்பூர்ப் பேரனோடு வீடியோவில் பேச அது போதும், வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கப் போதாது. மின்கம்பி வழியே அனுப்பும் பவர்லைன் அடாப்டரைப் பழைய வயரிங் உள்ள வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். இரண்டு அறைகள் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் இன்னும் மோசம்.

பல பெட்டிகள் ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக வேலை செய்யும் மெஷ் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். நம் வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல் நிலைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அந்தக் கோட்டில் கட்டுக்கு ஒரு பெட்டி வைத்தால், திறந்த முற்றத்தைத் தாண்டி அலை நன்றாகவே போகும். ராத்திரி தேக்குக் கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டதும் வேகம் இறங்கும். விலையும் அதிகம். ஆனால் சுவரில் ஓட்டை போட வேண்டாம். பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில் இது சின்ன விஷயமில்லை. ஒரு ஆணி அடிக்கவே ஊர் ஊராகப் போன் போட வேண்டியிருக்கிறதே!

பங்காளிகள் சம்மதித்தால் கேபிள்தான் என் கட்சி. கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும். பெரும்பாலான வீடுகள் அதற்குள் அடங்கிவிடும். தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டிக் கேசிங் போட்டால் கண்ணில் படாது, நிலைக்கு மேலே ஒரு ஓட்டை போதும். வெயில் படும் இடத்தில் மட்டும் வெளிப்புறத்துக்கான கேபிள் போடுங்கள். டிவி, கம்ப்யூட்டர், கேமரா ரெக்கார்டரை நேராகக் கேபிளில் செருகிவிட்டால் வைஃபை போன்களுக்கு மட்டும் மிஞ்சும். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு மொத்தக் குடும்பமும் வந்து இறங்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

கேபிளின் மறுமுனையில் புது மெஷ் பெட்டியும் வைக்கலாம், சும்மா கிடக்கும் பழைய ரௌட்டரையும் வைக்கலாம். பழையது என்றால் அதன் முகவரியை முதல் ரௌட்டரோடு மோதாதபடி மாற்றி, சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை (DHCP) அணைத்து, கேபிளை இணையம் வந்து சேரும் வான் (WAN) துளையில் இல்லாமல், வீட்டுச் சாதனங்களுக்கான லேன் (LAN) துளையில் செருக வேண்டும். இல்லையென்றால் பின்கட்டில் இருக்கும் பிரிண்டர் முகப்பில் இருக்கும் லேப்டாப்புக்குத் தெரியாமலே போகும்.

அப்புறம், கடையில் கேபிள் பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். அலுமினியத்தில் செம்பு முலாம் பூசியதாக இருக்கலாம். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள்.