எஸ்எஸ்டி மாற்றக் கொடுத்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வாங்காமல் வராதீர்கள்

பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சிப்பில் தரவைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) போடலாம் என்று நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். திருச்சியில் எங்கள் பகுதியில் உள்ள ஒரு சர்வீஸ் கடையில் அப்பாவின் லேப்டாப்பைக் கொடுத்தோம். பணம் போனது, திரும்ப எடுக்கவே முடியாத குடும்பப் படங்கள் போயின. அப்பாவின் ஆவணங்கள் எல்லாம் இருந்த பழைய டிஸ்க் இப்போது யார் கையில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

லேப்டாப் 2014இல் வாங்கியது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 5400 சுற்று. விண்டோஸ் 8உடன் வந்து, பிறகு 10க்கு மாறியது. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வந்து அடங்கவே ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். இந்த மாதிரி கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டியைவிடப் பெரிய உதவி கிடையாது, அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று, அதன் முனை இடம் தேடிப் போய் ஒரு துண்டை எடுக்க 10 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை, 0.1 மில்லி செகண்ட் போதும். விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுவதால் இந்த வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

ஏமாற்றுபவர்களுக்குச் சாதகமாக இருப்பதும் இதுதான். எவ்வளவு மட்டமான எஸ்எஸ்டியாக இருந்தாலும் பத்து வருடப் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமாகத்தான் இருக்கும். கடையில் ஆன் செய்து காட்டினார்கள், அரை நிமிடத்துக்குள் டெஸ்க்டாப் வந்தது. அப்பா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். 480 ஜிபி, புதுசு, மூன்று வருட வாரண்டி என்று சொல்லி, வேலைக்கூலியோடு 3,800 ரூபாய் வாங்கினார்கள். தெரிந்த கம்பெனியின் ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தது. விண்டோஸில் 447 ஜிபி என்று காட்டியது. அது சரியான கணக்குதான்: கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றன, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. ஆக, பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கொஞ்ச நாள் நன்றாகவே ஓடியது. தங்கை கல்யாணத்துப் படங்களையும் வீடியோக்களையும் ஏற்றிய பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது. படங்களைத் திறந்தால் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். வீடியோக்கள் ஓடவே இல்லை. அப்புறம் விண்டோஸ் அப்டேட் நடுவில் நின்றது, நீலத் திரை வந்தது, ஒரு நாள் பூட் ஆகவே மறுத்துவிட்டது.

ஐடியில் வேலை செய்யும் என் தம்பி அந்த எஸ்எஸ்டியைக் கழற்றி, யுஎஸ்பி கேபிள் வழியாகத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தான். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ‘நலம் 100 சதவீதம்’ என்றது. மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமனே ‘எஸ்எஸ்டி’ என்று இருந்தது. ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரைக் கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் போட்டால், அப்படி ஒன்றே இல்லை என்று வந்தது. பிறகு மீட்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, டிஸ்க்கை முழுவதும் காலி செய்து, டிஸ்க் நிறைய எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளைப் போட்டு ஓட்டினான். கிட்டத்தட்ட 111 ஜிபி வரை சரி, மீதி எல்லாம் அழிந்த தரவு என்று முடிவு வந்தது. அதாவது, அதே 1024 கணக்குப்படி, 120 ஜிபி சரக்கு. உள்ளே டிஸ்க்கை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி 480 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள்.

இது வெறும் அளவுக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். 120 பக்க நோட்டுக்கு 480 பக்கம் என்று அட்டை போட்டு, 121ஆம் பக்கத்தை முதல் பக்கத்தின் மேலேயே எழுதுவது போல, நிஜ இடம் தீர்ந்ததும் இந்த டிஸ்க் ஏற்கெனவே இருந்ததன் மேல் எழுதுகிறது. ‘இடம் இல்லை’ என்ற செய்தியே வராது. காப்பி முடிந்தது என்றுதான் காட்டும். கல்யாண வீடியோ ஏற ஏற, முதலில் வைத்த ஃபைல்களும் விண்டோஸும் அழிந்துகொண்டே வந்தன. கல்யாணப் படங்கள் போனில் இருந்ததால் தப்பின. அப்பா உட்கார்ந்து ஸ்கேன் செய்து வைத்த தாத்தா பாட்டி காலத்துப் படங்கள் தப்பவில்லை. அந்த ஆல்பத்தைக் கறையான் தின்று எத்தனையோ வருடம் ஆகிறது.

பழைய ஹார்ட் டிஸ்க் கையில் இருந்திருந்தால் இவ்வளவு வேதனையே இல்லை. டேட்டாவைக் காப்பி செய்து தந்துவிட்டோம் என்று சொன்னவர்கள் டிஸ்க்கைத் தரவில்லை. கேட்டபோது வந்த பதில்: “அது டெட் ஆயிடுச்சு அக்கா, எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு.” டெட் ஆன டிஸ்க்கிலிருந்து எப்படிக் காப்பி எடுத்தீர்கள், யாரைக் கேட்டு எக்ஸ்சேஞ்சில் போட்டீர்கள் என்று கேட்டேன். ஓனர் வரட்டும் என்றார்கள். ஓனர் வந்து, பழைய சரக்கோடு போட்டுவிட்டோம் என்றார்.

அந்த டிஸ்க்கில் அப்பாவின் ஆதார், பான் கார்டு நகல்கள், பென்ஷன் தாள்கள், பாங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் இருக்கின்றன. ஃபார்மட் செய்திருப்பார்கள் என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. சாதாரண ‘குயிக் ஃபார்மட்’ எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் அழிக்கும், தரவு அங்கேயேதான் கிடக்கும். இலவச மென்பொருளை வைத்தே திரும்ப எடுக்கலாம். அன்றைக்கே அப்பாவின் பாஸ்வேர்டுகள் அனைத்தையும் மாற்றினோம், ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்தோம்.

இன்னொன்றும் வெளிவந்தது. எங்கள் விண்டோஸ் ஒரிஜினல். விண்டோஸ் 8 காலத்து லேப்டாப்களில் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். பழைய டிஸ்க்கை அப்படியே முழு நகலாக எடுத்து, குளோன் செய்திருக்கலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிப் புதிதாகப் போட்டிருக்கலாம். எப்படிச் செய்தாலும் ஆக்டிவேஷனுக்குக் காசு தேவையில்லை. இவர்கள் லைசென்ஸை ஏய்க்கும் கிராக் விண்டோஸைப் போட்டு, அதற்கும் சேர்த்துக் கூலி வாங்கியிருக்கிறார்கள். கடையிலிருந்து வந்த புதிதில் செட்டிங்ஸின் ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்ததை நான் பார்த்தேன். வீட்டு லேப்டாப்பில் அந்த வரி வர நியாயமே இல்லை, ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்றுதான் வர வேண்டும். கிராக் போடுவதற்காக வைரஸ் தடுப்பையும் நிறுத்திவிட்டார்கள்.

கொடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எஸ்எஸ்டியை ஜிஎஸ்டி பில்லோடு நீங்களே வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும், கடையில் நிற்கும்போதே அதைக் கம்பெனி தளத்தில் சரிபாருங்கள். விண்டோஸ் போடுவதற்கு முன், டிஸ்க் காலியாக இருக்கும்போதே வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி ஹெச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே சோதனையைச் செய்யும் எஃப்3 இருக்கிறது. சில மணி நேரம் ஆனால் ஆகட்டும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் இந்தச் சோதனை வேண்டாம், போலியாக இருந்தால் விண்டோஸே அழியும். மாற்றும் வேலை நம் கண் முன்னால் நடக்கட்டும். பெரும்பாலான பழைய லேப்டாப்களில் சில ஸ்க்ரூக்களும் டிஸ்க்கைச் செருகும் ஒரு சாட்டா இணைப்பும்தான், ஒரு நாள் விட்டுவிட்டு வரும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. கழற்றிய ஹார்ட் டிஸ்க் அந்த இடத்திலேயே உங்கள் பைக்குள் வர வேண்டும். செத்துப்போன டிஸ்க்காக இருந்தாலும் அது உங்களுடையது.

எங்களுக்குக் கிடைத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத கைச்சீட்டு மட்டும். பணம் ஜிபேயில் போனதால் அதன் விவரம் இருக்கிறது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ முடிவை அச்செடுத்துக் காட்டிய பிறகு எஸ்எஸ்டிக்கான பணத்தைத் திருப்பித் தந்தார்கள், கூலியைத் தரவில்லை. டிஸ்க்கும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பணத்துக்காகப் போகவில்லை. அந்த டிஸ்க் எங்கே போனது என்று அவர்கள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.