ஜி.ஆர்.ஈ. வெர்பல்: ஃப்ளாஷ் கார்டா, வாசிப்பு நோட்டா?

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் நான். வெளிநாட்டு மேல்படிப்புக்குக் கேட்கும் ஜி.ஆர்.ஈ. தேர்வை எழுதுவது என்று முடிவானதும் கணக்குப் பகுதியைப் பற்றிக் கவலை வரவில்லை, ஆங்கிலத்தைச் சோதிக்கும் வெர்பல் பகுதிதான் தூக்கத்தைக் கெடுத்தது. தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனம் இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றை எழுதிப் பார்த்தேன். 130 முதல் 170 வரை போகும் அளவில் 145 வந்தது. என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பருக்கு 147. இருவருக்கும் ஒரே மாதிரி வேலை, ஒரே ஷிப்ட். அவர் ஆன்கி செயலியில் 1000 சொற்கள் கொண்ட, ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று இருக்கும் ஒரு ஃப்ளாஷ் கார்டு கட்டை இறக்கிக்கொண்டார். நான் 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி, கட்டுரைகள் படித்து, அதில் கண்ட சொற்களை எழுத ஆரம்பித்தேன். ஐந்து மாதம் கழித்து எழுதிய அசல் தேர்வில் எனக்கு 157, அவருக்கு 153. இரண்டு பேரின் மதிப்பெண்ணை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் இரண்டு வழிகளும் எப்படி நடந்தன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். 2023 செப்டம்பர் முதல் ஜி.ஆர்.ஈ. 1 மணி 58 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. வெர்பலில் 12, 15 என இரண்டு பகுதிகளாக 27 கேள்விகள், மொத்தம் 41 நிமிடம். அதில் ஏறக்குறைய பாதி, ஒரு பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் பேசேஜ் கேள்விகள். மீதி, கோடிட்ட இடத்தை நிரப்பும் டெக்ஸ்ட் கம்ப்ளீஷனும் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸும். ஒரு சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்கும் பழைய கேள்விகள் 2011இலேயே போய்விட்டன. 'லிஸ்ட்டை உருப்போடு, வெர்பல் வந்துவிடும்' என்று சீனியர்கள் சொல்வது அந்தக் காலத்துத் தேர்வுக்குப் பொருந்திய அறிவுரை.

கார்டுகளின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆண்ட்ராய்டில் செலவு இல்லை, பஸ்ஸில் நின்றுகொண்டே பார்க்கலாம், இன்று எத்தனை சொல் முடித்தோம் என்பதற்குக் கணக்கு இருக்கும். மறக்கப்போகும் நேரத்தில் அந்தச் சொல்லை மறுபடி காட்டும் முறையும் நன்றாகவே வேலை செய்கிறது. முதல் மாதம் நண்பர் என்னைவிட வெகுதூரம் முன்னால் இருந்தார்.

சிக்கல் பராமரிப்பில் வந்தது. கார்டு முறையில் புதுச் சொல் கற்பது சின்ன வேலை, கற்றதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. அவர் தினமும் 30 புதுச் சொல் எடுத்தார். ஒரு மாதம் போனதும், புதியவற்றைத் தவிர்த்தே தினம் 200 கார்டுக்கு மேல் திருப்ப வேண்டியிருந்தது. இரவு பத்து மணிக்கு வேலை முடித்து வருகிறவருக்கு அது முக்கால் மணி நேரம். அப்புறம் அலுவலகத்தில் வேலை நெருக்கும் ரிலீஸ் வாரம் வந்தது. ஆறு நாள் அவர் செயலியைத் திறக்கவே இல்லை. ஏழாம் நாள் திறந்தால் பாக்கி 600ஐத் தாண்டி நின்றது. அதை அடைக்க நான்கு நாள் போனது, அந்த நான்கு நாளும் புதுச் சொல் எதுவும் இல்லை, பேசேஜ் பயிற்சியும் இல்லை. அடுத்த மாதமும் இதே கதை. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிப்பவருக்கு இது பொருட்டே இல்லை. வேலையோடு படிப்பவருக்கு, விட்டுப்போன நாள்கள் வட்டி போட்டுத் திரும்பி வருகின்றன.

நோட்டில் அந்தப் பாக்கி கிடையாது. எனக்கும் அதே ரிலீஸ் வாரம்தான், நானும் பத்து நாள் நோட்டைத் தொடவில்லை. பதினோராம் நாள் புதிதாக ஒரு கட்டுரையை எடுத்துப் படித்தேன். முந்தைய மாதம் எழுதிய மூன்று சொற்கள் அதில் வேறு வாக்கியங்களில் வந்தன. ஒரே தரத்து எழுத்தைத் தொடர்ந்து படித்தால், தேவையான சொற்கள் தாமாகவே திரும்பி வருகின்றன. படிப்பதே திருப்புதலாகவும் ஆகிவிடுகிறது. எனக்கு வாசிப்பு நோட்டு பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

நோட்டில் என் முறை இப்படி: சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, சொல்லை அடிக்கோடிட்டு, பக்கத்தில் தமிழில் ஒரு சொல். வாயில் புழங்கும் தமிழாக அது இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். 'பெர்ஃபங்டரி' என்ற சொல்லுக்கு நண்பரின் கார்டில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட விளக்கம் இருந்தது. அதை அவர் நான்கு முறை மறந்தார். நான் 'ஒப்புக்குச் செய்வது' என்று எழுதினேன், மறக்க வழியே இல்லை. 'இக்விவகேட்' என்றால் மழுப்புவது. 'கேருலஸ்' என்றால் தொணதொணப்பவர். என் அம்மா தினம் பேசுகிற சொற்கள் இவை. தமிழ் வழியில் படித்தது குறை என்று நினைத்திருந்த எனக்கு, அதுவே இங்கே கைகொடுத்தது. சரியான தமிழ்ச் சொல்லைத் தேடும்போதுதான் அந்த ஆங்கிலச் சொல்லில் இருப்பது பாராட்டா, குத்தலா என்பதும் பிடிபடுகிறது.

இன்னொன்று, தெரிந்த சொல்லின் தெரியாத பொருள். 'ஃப்ளாக்' என்றால் கொடி என்று எல்லோருக்கும் தெரியும். தேர்வில் அது சோர்ந்து தளர்வது என்ற பொருளில் வரலாம். 'க்வாலிஃபை' என்பது சொன்னதற்கு ஒரு வரம்பு போடுவதாக இருக்கலாம். 'சாங்ஷன்' அனுமதியாகவும் இருக்கும், தண்டனையாகவும் இருக்கும். 'பெடஸ்ட்ரியன்' என்றால் சுவையற்றது. கடினமான சொல்லைத் தேடி அலையும்போது இவை கண்ணில் படுவதில்லை. படிக்கிறபோது வாக்கியம் இடித்து நிற்கும், அப்போது தெரிந்துகொள்கிறோம். சென்டென்ஸ் ஈக்விவலன்ஸிலும் இதே உதவி. வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டை ஆறு சொற்களில் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டும் சரியானால்தான் மதிப்பெண். பொருளில் ஒத்துப்போனாலும் வாக்கியத்தோடு ஒட்டாத ஒரு ஜோடியையும் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். பொருள் மட்டும் தெரிந்தவர் அந்த ஜோடியை எடுத்துவிடுவார்.

எதைப் படிப்பது என்பதில் நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். நம் ஊரில் முதலில் சொல்வது 'தி இந்து' ஆங்கில நாளிதழின் தலையங்கம். பழக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் ஜி.ஆர்.ஈ. பேசேஜின் நடை வேறு. 'இப்படித்தான் என்று அறிஞர்கள் நம்பினார்கள், புதிய சான்று அதை ஐயப்படுத்துகிறது, ஆனாலும் முழுதாகத் தள்ளவில்லை' என்று மடங்கி மடங்கிப் போகும். அந்த மடிப்பு ஸ்மித்சோனியன், ஈயான் போன்ற இதழ்களின் கட்டுரைகளில் கிடைத்தது, இரண்டும் இணையத்தில் இலவசம். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரை நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். கட்டுரை போனில்தான், ஆனாலும் அந்த அமைதியில் ஒரே மூச்சில் மூன்று படிக்க முடிந்தது.

தேர்வுக்கு எட்டு வாரம்தான் இருக்கிறது என்றால் நான் கார்டையே சொல்வேன். வாசிப்பு பலன் தர எனக்கு மூன்றாம் மாதம் ஆனது, அதற்கு முன் மாதிரித் தேர்வில் ஒரு புள்ளிகூட நகரவில்லை. சிறு வயதிலிருந்து ஆங்கிலத்தில் படித்துப் பழகியவருக்கும் பேசேஜ் சிக்கலாக இருக்காது, அவருக்கு விட்டுப்போன சொற்கள் மட்டும் போதும். பயிற்சி மையங்களுக்கு நான் போனதில்லை, பணம் கட்டும் செயலிகளைத் தொட்டதில்லை, தேர்வையும் ஒரே தடவைதான் எழுதினேன். 165க்கு மேல் குறி வைப்பவருக்கு நோட்டு மட்டும் போதுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கடைசி மூன்று வாரம் நண்பரின் கார்டு கட்டை நானும் வாங்கினேன். தினம் திருப்புவதற்காக இல்லை, சலித்துப் பார்க்க. 1000 கார்டையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முறை ஓட்டியதில் எனக்குச் சுத்தமாகத் தெரியாதவை 170. நோட்டில் பக்கம் தீர்ந்திருந்தது. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் தேடி, பக்கத்தில் தமிழில் எழுதி முடித்தேன். தேர்வன்று அதில் இரண்டு சொற்கள் வந்தன.